சிங்கப்பூர் மச்சான் அனுப்புன 72 மணி நேர எமர்ஜென்சி கிட்: விசிலுக்கு மட்டும் முழு மார்க்கு

மொதல்லயே சொல்லிடுறேன், புயல், வெள்ளம்னு வந்தா மூணு நாள் சமாளிக்கன்னு விக்கிற இந்த எமர்ஜென்சி பைய நான் காசு குடுத்து வாங்கல. என் வீட்டுக்காரியோட அண்ணன் சிங்கப்பூர்ல இருக்காரு, அங்கேருந்தே ஆன்லைன்ல ஆர்டர் போட்டு நம்ம வீட்டு அட்ரஸுக்கு அனுப்பி விட்டாரு. "மாப்ள, கஜா புயல்ல நீங்க பட்ட பாடு போதும், இனிமே புயல்னு சொன்னா இந்தப் பைய தூக்கி மாட்டிக்கிட்டு நிம்மதியா இருங்க"ன்னு போன்ல ஒரே பெருமை. பில்லு 3,499 ரூபா. கம்பெனி பேரு போடல, ஏன்னா இதே சாமான்தான் பத்து பேருல பத்து கலர் பையில வருது, ஒண்ணத் திட்டி என்ன ஆவப்போகுது.

எங்க ஊரு திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவுல. வேதாரண்யம் பக்கம் காத்து ஏறுச்சுன்னா அடுத்த அடி எங்களுக்குத்தான். 2018 நவம்பர் 15 ராத்திரி படுத்து 16 காலையில எந்திரிச்சப்ப கொல்லையில இருந்த 62 தென்னையில நின்னது 9. தென்னம்பிள்ளைன்னு சொல்லித்தான் வைக்கிறோம், பிள்ளைன்னே சொல்லி வளத்தது எல்லாம் ஒரே பக்கமா தலைய சாச்சிக்கிட்டு கெடந்துச்சு. கரண்டு கம்பம் மட்டும் டெல்டா முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல சாஞ்சுது, எங்க தெருவுக்கு கரண்டு வர 23 நாளு. அதனால இந்தக் கிட்ட நான் பாக்குற பார்வை வேற மாதிரிதான் இருக்கும், யூடியூப்ல டேபிள் மேல பரப்பி வச்சி காட்டுறவங்க மாதிரி இருக்காது.

பைய தொறந்த ஒடனே சின்னவன் எல்லாத்தையும் கூடத்துல கொட்டிட்டான். கையால சுத்துற ரேடியோ கம் டார்ச்சு, வெள்ளிப் பேப்பர் மாதிரி ஒரு போர்வை ரெண்டு, தண்ணி வடிகட்டுற ஸ்ட்ரா, விசிலு, காம்பஸு, தீப்பொறி வர்ற கல்லு, கம்பி ரம்பம், கயிறு பின்னுன காப்பு, மழைக்கோட்டு, பர்ஸ்ட் எய்டு பௌச்சு, அப்புறம் மீன் பிடிக்கிற தூண்டி முள்ளு நாலு. தூண்டி முள்ள பாத்துட்டு எங்க அப்பாயி "வெள்ளத்துல கெண்ட புடிச்சி கொழம்பு வைக்கச் சொல்றாங்களாடா"ன்னு கேட்டுச்சு, பதில் சொல்லத் தெரியல.

கூடவே ஒரு குட்டி புக்கு, முழுக்க இங்கிலீசு. கரடி வந்தா என்ன பண்ணணும், பனிச்சரிவுல மாட்டுனா என்ன பண்ணணும்னு ரெண்டு ரெண்டு பக்கம். அவசரத்துக்கு 911-க்கு அடிக்கச் சொல்லுது! இங்க அத அடிச்சி என்ன பண்ண. நமக்கு மாவட்டக் கன்ட்ரோல் ரூம் 1077, மாநிலத்துக்கு 1070, ஆம்புலன்சு 108, எல்லாத்துக்கும் பொதுவா 112. நான் இத மார்க்கர்ல சாமி ரூம் செவுத்துல எழுதி வச்சிருக்கேன், போன்ல சேவ் பண்ணுனா போன் செத்தா நம்பரும் செத்துரும்ல. புயலப் பத்தி அந்த புக்குல அர பக்கம், அதுலயும் முக்கியமானது இல்ல. புயலோட கண்ணு நம்ம ஊரு மேல போனா காத்து பட்டுன்னு நிக்கும், வானம் கூட வெளுத்த மாதிரி இருக்கும், சரி முடிஞ்சிடுச்சுன்னு மாட்ட அவுக்க கொல்லைக்குப் போனவங்கதான் மாட்டிக்குவாங்க, ஏன்னா கொஞ்ச நேரத்துல எதிர்ப் பக்கத்துலேருந்து மறுபடி அதே வேகத்துல அடிக்கும், மொதத் தடவ பாதி சாஞ்சி நின்ன மரமும் செவுரும் ரெண்டாவது தடவதான் விழும். ரேடியோலயோ அதிகாரிங்களோ கடந்துருச்சுன்னு சொல்ற வரைக்கும் உள்ளதான் கெடக்கணும். கரையோரத்துக்கு விக்கிற புக்குல இது இல்லாம கரடி என்னத்துக்கு.

சரி, ஒவ்வொண்ணா யூஸ் பண்ணிப் பாத்ததுதான் ரிவ்யூ. போன கார்த்திகையில ரெண்டு நாள் விடாம மழ, ஒன்ற நாள் கரண்டு இல்ல, அப்ப வேணும்னே இன்வெர்ட்டர ஆப் பண்ணிட்டு இந்தப் பைய மட்டும் வச்சி ஓட்டிப் பாத்தேன். வீட்டுக்காரி திட்டுனது தனிக் கத.

ரேடியோ டார்ச்சு: வெளிச்சம் நல்லா இருக்கு, ஒரு நிமிஷம் சுத்துனா கொஞ்ச நேரம் எரியுது, பாத்ரூம் போயிட்டு வரலாம். ஆனா "போன் சார்ஜ் பண்ணலாம்"னு பெட்டி மேல கொட்ட எழுத்துல போட்ருக்கான் பாருங்க, அதுதான் ஏமாத்து. உள்ள இருக்க பேட்டரி 2000 எம்ஏஹெச், என் போன் 5000. சுத்தி ஏத்தலாம்னா கை சுத்துற வேகத்துக்கு மிஞ்சி மிஞ்சிப் போனா 3 வாட்டு, 4 வாட்டு வரும், போன் பேட்டரி கிட்டத்தட்ட 19 வாட் அவரு, அப்ப கணக்குப் போடுங்க, அஞ்சாறு மணி நேரம் ஆட்டுக்கல்லு சுத்துற மாதிரி சுத்தணும். நான் இருவது நிமிஷம் சுத்தி 2 பர்சன்ட் ஏத்துனேன், தோளு புடிச்சிக்கிச்சு. மேல ஒட்டியிருக்க சோலார் தகடு தீப்பெட்டி அளவு, அதுவும் புயல் நேரத்துல வெயிலுக்கு எங்க போறது. இதுக்கு பதிலா நல்ல 10000 பவர் பேங்க் ஒண்ணு ஃபுல்லா ஏத்தி வைங்க, 10000-னு போட்ருந்தாலும் வோல்ட் மாத்துறதுல போனது போக ஆறாயிரத்து சொச்சம்தான் வெளிய வரும், இருந்தாலும் ஒரு தடவ முழுசா ஏத்தலாம். டவர் தடுமாறுறப்ப கால் போட்டுக்கிட்டே இருந்தா சார்ஜ்தான் காலி, எஸ்எம்எஸ் அனுப்புங்க, கால் போவாத நேரத்துலயும் அது எப்படியாச்சும் நுழஞ்சி போயிரும், மத்த நேரம் ஏரோபிளேன் மோடு.

இன்னொரு கொற, இதுல எஃப்எம் மட்டும்தான். கஜா அன்னிக்கு டவர் எல்லாம் படுத்துருச்சு, டிவி இல்ல, எங்களுக்கு சேதி சொன்னது தாத்தாவோட பழைய ரேடியோதான். மீடியம் வேவ்ல 936-ல திருச்சி வானொலி, கரகரன்னாலும் கேட்டுச்சு. எஃப்எம் அலை நேர்க்கோட்டுல போறது, தூரம் கூடக் கூட படுத்துரும், மீடியம் வேவு தரையோட தரையா தவந்து வந்துரும். மீடியம் வேவ் இல்லாத ரேடியோவ எமர்ஜென்சி ரேடியோன்னு விக்கிறதே தப்புன்னு நான் சொல்லுவேன்.

வெள்ளிப் போர்வைய சின்னவன் தோள்ல கட்டிக்கிட்டு தெருவெல்லாம் ஓடுனான், திருவிழா ஜிகினா மாதிரி இருந்துச்சு. இத முழுசா வேஸ்டுன்னு சொல்ல மாட்டேன். நம்ம ஊருக்கு எதுக்கு குளிரு போர்வைன்னுதான் நானும் நெனச்சேன், ஆனா நாலு மணி நேரம் நனஞ்சி காத்துல நின்ன கொழந்தைக்கும் வயசானவங்களுக்கும் நடுக்கம் எடுக்கும்போது ஈரத்துணிய கழட்டிட்டு தொடச்சிவிட்டு இதச் சுத்துனா சூடு போவாது. பிரிச்சா ஒரு தடவதான், மடிக்கவே முடியல.

தண்ணி ஸ்ட்ராவுக்கு வருவோம், இதுலதான் ஆளுங்க ஏமாறுவாங்க. வாய்க்கால்ல குப்புறப் படுத்து உறிஞ்சிக் குடிக்கிற மாதிரி அட்டையில படம். இது பாக்டீரியாவ வடிகட்டும், சரி. ஆனா அத விட சின்னதா இருக்க வைரஸ் பெரும்பாலும் உள்ள போயிரும், தண்ணியில கரஞ்சது எதயும் இது நிறுத்தாது. நம்ம டெல்டாவுல வெள்ளம்னா அது எந்தத் தண்ணி? வயல்ல போட்ட யூரியா, அடிச்ச மருந்து, கக்கூஸ் தொட்டி, இந்தப் பக்கம்னா கடல் உள்ள ஏறுன உப்பு, எல்லாம் கலந்தது. அத ஸ்ட்ரா போட்டுக் குடிச்சா ஸ்ட்ரா போட்டுக் குடிச்ச வாந்தி பேதிதான். தண்ணிக்கு பழைய வழிதான் வழி. புயல் வருதுன்னு சொன்ன அன்னிக்கே கரண்டு இருக்கும்போதே மோட்டரப் போட்டு கொடம், அண்டா, குண்டான், இட்லிப் பானை வரைக்கும் ரொப்பிடணும், மூடி வைக்கணும். மாடி டேங்க்கயும் ரொப்புங்க, குடிக்க மட்டும் இல்ல, 1000 லிட்டர் டேங்க்கு ரொம்புனா ஒரு டன் கனம், காத்து தூக்காது. கஜாவுல காலி டேங்க்கு ரெண்டு தெரு தாண்டி அய்யனார் கோயில் கொளத்துல மெதந்துச்சு, எங்களோடது இல்ல, யாருதுன்னே தெரியல. தீந்துட்டா கலங்கத் தண்ணிய தெளிய வச்சி, வேட்டித் துணிய நாலா மடிச்சி வடிகட்டி, தளதளன்னு கொதி வந்த பெறகு ஒரு நிமிஷமாவது கொதிக்க விட்டு ஆற வைங்க. படிகாரம் போட்டா, தேத்தாங்கொட்டை ஒரசுனா சேறு அடியில தங்கும், கிருமி சாவாது, தண்ணி தெளியறது வேற, கிருமி சாவுறது வேற, மனசுல ரெண்டையும் ஒண்ணாக்கிடாதீங்க. மருந்து வாடையோ உப்போ இருந்தா கொதிக்க வச்சாலும் போவாது, அந்தத் தண்ணி வேணாம். பேதி ஆயிட்டா ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு ஆறு டீஸ்பூன் சீனி, அர டீஸ்பூன் உப்பு, ஸ்பூனு தலை தட்டி. உப்பு கூடிடக் கூடாது. இந்த 3,499 ரூபா பையில ஓஆர்எஸ் பாக்கெட் ஒண்ணு கூட இல்லங்குறத இங்கயே சொல்லிக்கிறேன்.

கம்பி ரம்பம். இத நெனச்சா எனக்கு இன்னும் சிரிப்பு வருது. ரெண்டு பக்கமும் வளையம் வச்ச கம்பி, மரத்தச் சுத்திப் போட்டு இழுக்கணுமாம். விழுந்து கெடந்த முருங்கைக் கெளையில போட்டேன், பத்தாவது இழுப்புல கம்பி அறுந்துருச்சு. முருங்கை! கஜாவுக்கு மறுநாள் ரோட்டுக்கு குறுக்க வரிசையா தென்னை, ஆம்புலன்சு வர வழியில்ல, அருவாளும் கோடாலியும் வச்சிதான் எங்க தெரு பயலுவ மதியம் வரைக்கும் வெட்டி ஒரு வண்டி போற வழி எடுத்தானுவோ, அப்புறம்தான் மரம் அறுக்குற மிஷினு வந்துச்சு. அதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு, சாஞ்ச மரம் இன்னொரு மரத்து மேலயோ ஒயர் மேலயோ வில்லு மாதிரி வளஞ்சி நின்னா அத புதுசா வெட்டுறவன் தொடவே கூடாது, வெட்டுன ஒடனே நிமுந்து அடிக்கும். கெடக்குற மரத்துக்குள்ள கரண்டு ஒயர் சிக்கியிருக்கான்னு பாக்காம கைய வைக்கக் கூடாது. "கரண்டுதான் போயிடுச்சே"ன்னு நெனப்போம், எங்கயோ ஒருத்தன் ஜெனரேட்டர் போட்டு மெயின ஆப் பண்ணாம வீட்டு லைன்ல சொருவியிருப்பான், அது அப்படியே திரும்பி கம்பத்துக்கு ஏறும். எங்கேருந்தோ வந்து ராத்திரி பகலா கம்பம் நட்டாங்களே ஈபி ஆளுங்க, அவங்க உசிரு அது. ஜெனரேட்டர திண்ணையில, ரூமுக்குள்ள வச்சி ஓட்டாதீங்க, அந்தப் புகையில வாடையே இல்லாம ஆள கொல்லுற வாயு இருக்கு.

தீப்பொறி கல்ல ஒரு வார்த்தையில முடிச்சிடுறேன்: மழையில வெறகே நனஞ்சி கெடக்கு, பொறி எதுல பத்தும். ஹார்லிக்ஸ் பாட்டில்ல தீப்பெட்டி ரெண்டு போட்டு மூடி வைங்க, போதும். காத்து எடுக்கும்போதே சிலிண்டர் ரெகுலேட்டர மூடிடுங்க. திரும்பி வந்து கதவு தொறந்த ஒடனே கேஸ் வாடை இருக்கான்னு பாருங்க, இருந்தா சுவிட்சும் போடாதீங்க, குச்சியும் ஒரசாதீங்க.

இப்ப வருது எனக்கு நெஜமாவே கோவம் வந்த சாமான். பர்ஸ்ட் எய்டு பௌச்சுல பத்து பிளாஸ்திரி, ஒரு கத்திரி, பஞ்சு, இதோட மஞ்ச கலர்ல ஒரு ஊசி போடுற பம்பு மாதிரி ஒண்ணு. என்னடான்னு அட்டைய படிச்சா பாம்பு கடிச்ச எடத்துல வச்சி வெசத்த உறிஞ்சுற பம்பாம். கூடவே எறுக்கிக் கட்ட ரப்பர் கயிறு, கீற பிளேடு.

தயவு செஞ்சி இத யாரும் நம்பாதீங்க. வெசம் உள்ள போனா போனதுதான், பம்பு வச்சி இழுத்தா ரத்தமும் நீரும்தான் வரும், சதைதான் கெடும். எறுக்கிக் கட்டுனா ரத்த ஓட்டம் நின்னு காலயே எடுக்க வேண்டி வரலாம், பிளேடுல கீறுனா ரத்தம் நிக்காது, ஏன்னா விரியன் வெசத்துல ரத்தம் ஒறையாமப் போயிடும். வாயால உறிஞ்சுறதெல்லாம் படத்தோட போவட்டும்.

நம்ம பக்கம் வெள்ளம்னா பாம்பு வரும். பொந்துல தண்ணி ஏறுனா அதுக்கும் மேடு வேணும், நம்ம வீடுதான் மேடு. வைக்கப்போரு, வெறகடுக்கு, மடிச்சி வச்ச சாக்கு, கழட்டிப் போட்ட செருப்பு, எல்லாத்துலயும் இருக்கும். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை, கட்டுவிரியன், இந்த நாலும்தான் நம்ம நாட்டுல அதிகம் ஆளக் கொல்லுறது. இதுல கட்டுவிரியன் ரொம்ப மோசம், ராத்திரி தரையில பாய் போட்டுத் தூங்குறவங்கள கடிக்கும், பெருசா வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது, எறும்பு கடிச்ச மாதிரின்னு திரும்பிப் படுத்துருவாங்க, விடிய விடிய வயிறு வலிக்கும், கண்ணு எமை தானா சொருவும், பேச்சு கொழறும், அப்புறம் மூச்சு. முகாம்ல, பள்ளிக்கூடத்துல போய் தங்குனாலும் முடிஞ்ச வரைக்கும் பெஞ்சு மேல, கட்டில் மேல படுங்க, கொசுவலைய கட்டி ஓரத்த படுக்கைக்கு அடியில நல்லா சொருவுங்க. கடிச்சிட்டா ஆள ஓட விடாம நடக்க விடாம படுக்க வச்சி, கால்ல கையில மெட்டி கொலுசு மோதிரம் இருந்தா வீங்குறதுக்கு முன்னாடி கழட்டிட்டு, எலும்பு முறிஞ்சா கட்டுவோமே அது மாதிரி குச்சி வச்சி லூசா துணி சுத்தி அசையாம வச்சி, கடிச்ச நேரத்த குறிச்சிக்கிட்டு நேரா கவர்மென்ட் ஆஸ்பத்திரி. வெச முறிவு ஊசிதான் மருந்து. பாம்ப அடிச்சி எடுத்துட்டுப் போறேன்னு தேடி நேரத்த வீணாக்காதீங்க, இன்னொருத்தனயும் கடிக்கும். பச்சிலை கட்டுறவர் வீடு வழியிலதான் இருக்குன்னு நிப்பாட்டுறதுலதான் எங்க ஊர்ல ஒரு உசிரு போச்சு, அதுக்கு மேல சொல்ல மனசு வரல.

அந்தப் பம்ப நான் ஒடச்சி குப்பையில போட்டேன். சும்மா போட்டா எவனாச்சும் எடுத்து வச்சிக்குவான்.

கம்பெனிக்கு மெயில் போட்டேன், இந்தப் பம்பு ஆபத்து, பைய ரிட்டர்ன் எடுத்துக்கங்கன்னு. "ரிட்டர்ன் டைம் முடிஞ்சிடுச்சு சார், உங்க கருத்துக்கு நன்றி"ன்னு பதிலு. பெட்டிக்குள்ள ஒரு அட்டை கெடந்துச்சு, அஞ்சு ஸ்டார் குடுத்து ஸ்கிரீன்ஷாட் அனுப்புனா 100 ரூபா கேஷ்பேக்காம்.

இப்ப நல்லத சொல்லணும்ல. விசிலு. இருவது ரூபா சாமான், இந்தப் பையிலயே உருப்படியான ஒண்ணு அதான். கஜா ராத்திரி எதுத்த வீட்டு ஓட்டுக் கூரை எறங்கி பெரியம்மா உள்ள மாட்டிக்கிட்டாங்க, கத்துனது பத்தடி தள்ளி இருந்த எங்களுக்குக் கேக்கல, அந்தக் காத்து சத்தம் ரயிலு வீட்டுக்குள்ள வர்ற மாதிரி இருக்கும், கேட்டவங்களுக்குத்தான் தெரியும். தொண்டை அஞ்சு நிமிஷத்துல கட்டிக்கும், விசிலு கட்டாது. மூணு தடவ விட்டு விட்டு ஊதுனா ஒதவி வேணும்னு அர்த்தம். தெருவுல இருக்க எல்லா வீட்டுக்கும் பஸ் ஸ்டாண்டு கடையில பத்து வாங்கிக் குடுத்துட்டேன், இதுதான் அர்த்தம்னும் சொல்லி வச்சிட்டேன், சொல்லாம ஊதுனா கண்டக்டர் யாரோ வந்துருக்கான்னு படுத்துக்குவானுவோ. பையும் நல்ல பை, தண்ணி உள்ள எறங்கல, கொடத்தக் கவுத்தே ஊத்திப் பாத்தேன். மழைக்கோட்டு ஒரு தடவைக்கு ஓக்கே.

பையில என்ன இல்லங்குறதுதான் பெரிய லிஸ்டு. தார்ப்பாய் இல்ல. ஓடு பறந்த வீட்டுக்கு, கீத்து பிச்சிக்கிட்டுப் போன வீட்டுக்கு மறுநாள் மொத வேல தார்ப்பாய்தான், கஜா சமயத்துல அதுக்கு என்ன அடிதடி. காப்பு பின்னுன கயிறு பிரிச்சா ரெண்டு முழம், அத வச்சி கன்னுக்குட்டியக் கூட கட்ட முடியாது. அதனால நம்ம கடைத்தெரு இரும்புக் கடையிலயே ஒரு தார்ப்பாய், நைலான் கயிறு ரெண்டு கிலோ, வயலுக்கு ராத்திரி தண்ணி பாய்ச்சப் போறவங்க தலையில மாட்டுற லைட்டு ஒண்ணு, கையொறை ஒரு ஜோடி வாங்குனேன், கடைக்கார அண்ணன் "என்ன தம்பி இப்பவே புயலுக்கு ரெடியா"ன்னு டீயும் வாங்கிக் குடுத்தாரு. எல்லாம் சேத்து ரெண்டாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. டார்ச்ச விட தலை லைட்டு எவ்வளவோ மேலு, ரெண்டு கையும் ஃப்ரீ.

பேப்பர் வைக்க கவரும் இல்ல இதுல. ரேஷன் கார்டு, ஆதார், பட்டா, பாஸ்புக்கு, பயிர் இன்சூரன்ஸ் ரசீது, இது எல்லாத்தையும் ஜிப் கவர்ல போட்டு இந்தப் பையோட உள் அறையில வச்சிருக்கேன், போட்டோ எடுத்து மச்சானுக்கும் ஒரு காப்பி அனுப்பிட்டேன். நிவாரணக் கணக்கெடுக்க வரும்போது நனஞ்சி கூழான பட்டாவ காட்டிக்கிட்டு நின்ன ஆளுங்கள்ல நானும் ஒருத்தன். அப்பாயிக்கு சுகர் ஊசி, அதுக்கு ப்ரிட்ஜ் இல்லாத நாளுக்கு மண்சட்டிக்குள்ள ஈர மணல் போட்டு நடுவுல சின்ன மண்கலயம் வச்சி மருந்த கவர்ல சுத்தி அதுல வைக்கிறோம், நெழல்ல வச்சி மணல் காயாம தண்ணி தெளிச்சா சில்லுன்னே இருக்கும். பத்து நாளு மாத்திர எப்பவும் கூடுதலா.

ரேட்டிங் அஞ்சுக்கு ரெண்டு. ஒண்ணு பைக்கு, ஒண்ணு விசிலுக்கு. பம்ப எடுத்துட்டு ஓஆர்எஸ்ஸும் தார்ப்பாயும் வச்சி, புக்க தமிழ்ல போட்டா நானே நாலு வாங்குவேன்.

மச்சான், இத படிச்சிட்டு கோச்சுக்காதீங்க, உங்க அன்புல ஒரு கொறையும் இல்ல. பை கதவுக்குப் பின்னாடி ஆணியில தொங்குது, அப்பாயி அதோட வெத்தலப் பையயும் மூக்குக் கண்ணாடியயும் உள்ள போட்டுருச்சு. அடுத்த தடவ லீவுல வரும்போது இந்த மாதிரி எதுவும் ஆர்டர் போடாதீங்க. கோடாலி நம்மகிட்ட இருக்கு, நீங்க வழக்கம் போல கோடாலித் தைலம் மட்டும் ஒரு டஜன் எடுத்துட்டு வாங்க, அந்த ரேடியோவ சுத்துன தோளுவலி இன்னும் போவல.